இறக்கக்கண்டிப் பாலம் தாண்டி, சபையோடு ஒரு நடை

திருகோணமலையில் முதல் மாதம் முழுவதும் நடந்துகொண்டே இருந்தேன். கணவர் ஜெபராஜுக்குத் துறைமுகத்தில் கிரேன்களைப் பழுதுபார்க்கும் ஒப்பந்த வேலை. காலையில் போனால் இருட்டித்தான் வருவார். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக விசிலும் கையுமாக இருந்தவள் நான். மாடி வீட்டில் உட்கார்ந்து கப்பல் பார்ப்பது இரண்டு நாளுக்குத்தான் தாங்கியது. அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். கடற்கரை, கோட்டை வாசல், சந்தை, மறுபடியும் கடற்கரை. சந்தைக்குப் பக்கத்தில் புள்ளிமான்கள் ஆடுகளைப்போலக் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தன. நின்று பார்த்தது நான் ஒருத்திதான்.

போர்நிறுத்தம் வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. சந்திக்குச் சந்தி மணல்மூட்டைக் காவலரண்கள் அப்படியே இருந்தன. உள்ளே இருந்த சிப்பாய்கள் மட்டும் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரே நாளில் ஒரே வீதியில் திரும்பத் திரும்பப் போய்வந்த என்னை அவர்களில் ஒருவன் நிறுத்தி, என் பாஸ்போர்ட்டைப் புரட்டினான். “எங்க போற?” என்றான். எங்கேயும் இல்லை என்பதை அவனுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

“நீ தனியா சுத்துறத நிறுத்து. ஏதாவது ஒரு சபையில சேர்ந்துக்கோ. நாலு பேரைப் பழகின மாதிரியும் இருக்கும்” என்றார் ஜெபராஜ்.

அப்படித்தான் அந்தப் புதுச் சபைக்குப் போனேன். எங்கள் ஊர் வேதக்கோயில் கல் கட்டடம், உயர்ந்த கோபுரம், என் தாத்தா காலத்து மணி. இங்கே ஒரு பழைய நெல் களஞ்சியம், தகரக் கூரை, பிளாஸ்டிக் கதிரைகள். பிரசங்கத்துக்கு நடுவே தவிட்டு வாசனை வரும். சபை தொடங்கி அரை வருடம்கூட ஆகவில்லை. பாதிப் பேர் டவுன்காரர்கள். மீதிப் பேர் சண்டையில் ஊரைவிட்டு வந்து முகாம்களில் வருடக்கணக்காக இருந்தவர்கள். ஒரு பக்கத்துக் கதிரைகளில் இவர்கள், மறுபக்கம் அவர்கள். ஆராதனை முடிந்ததும் இரண்டு வாசல் வழியாகப் பிரிந்து போவார்கள்.

பாஸ்டர் மட்டக்களப்புக்காரர், மெலிந்தவர், எதற்கும் உடனே ஜெபிக்கத் தொடங்கிவிடுவார். இரண்டு பக்கத்தையும் சேர்க்க அவருக்கு வந்த யோசனைதான் நடை. “வாற திங்கள் பௌர்ணமி, போயா லீவு. வடக்கு வீதியத் திறந்திட்டாங்கள். இறக்கக்கண்டிப் பாலத்துக்கு அங்கால உள்ளுக்கு ஒரு குளம் இருக்கு. எங்கட சபையில சில பேருக்கு அது சொந்த இடம். எல்லாரும் ஒண்டா நடந்து போவம். அங்க ஆராதிப்பம், சாப்பிடுவம், திரும்பி வருவம்.”

முதலில் கை தூக்கியது நான்தான்.

சனிக்கிழமை தயிர் வாங்கும் வேலையையும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். நல்ல எருமைத் தயிருக்குக் கிண்ணியாவுக்குப் போக வேண்டும் என்றார்கள். துணைக்கு யோகேஸ் அக்காவை அனுப்பினார் பாஸ்டர். முகாமிலிருந்து வருபவர், நாற்பத்தைந்து வயது இருக்கும், பெரிய உடம்பு, அளந்த பேச்சு. முழுப் பெயர் யோகேஸ்வரி. ஞானஸ்நானம் எடுத்தபோது பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னார்களாம். “கடவுளுக்கு என்னைத் தெரியும்” என்று சொல்லி மறுத்துவிட்டாராம். இதெல்லாம் பாஸ்டரின் மனைவி ரூபி அக்கா எனக்குச் சொன்னது. யோகேஸ் அக்கா பஸ்ஸில் வழி நெடுகிலும் எதுவும் சொல்லவில்லை.

பஸ் எங்களைத் தண்ணீர்க் கரையில் இறக்கிவிட்டது. “பாதை வருது, கவனம்” என்றார் யோகேஸ் அக்கா. நான் பாதையைத் தேடினேன். எதிரே தண்ணீர்தான் இருந்தது. ஆட்களையும் சைக்கிள்களையும் ஒரு லொறியையும் சுமந்துகொண்டு ஒரு பெரிய மிதவை மெதுவாக வந்துகொண்டிருந்தது. அதற்குத்தான் இங்கே பாதை என்று பெயராம். ஏறினோம். நடுத்தண்ணீரில் இயந்திரம் நின்றுவிட்டது. ஒருவர் அதைக் கழற்றத் தொடங்கினார். நான் சைக்கிள்களுக்கு இடையே இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக நடந்தேன். பேச்சுக் கொடுக்கலாமே என்று, “நேத்து பாஸ்டர் என்கிட்ட ரொம்ப நேரம் பேசினார்க்கா” என்றேன்.

“ஏன், நீங்க என்ன செய்தனீங்க?”

“நான் ஒண்ணும் செய்யலையே.”

“பிறகேன் பேசினவர்?”

கோழிக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவர் சிரித்துவிட்டார். “புள்ள, எங்கட பக்கம் பேசுறதெண்டா ஏசுறது. கதைச்சவர் எண்டு சொல்லணும்.” யோகேஸ் அக்காவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. “இருங்கோ தங்கச்சி. நீங்க நடந்து இது கரைக்குப் போகாது” என்றார்.

திரும்பும்போது பஸ் குலுங்கியதில் ஒரு தயிர்ச்சட்டி உடைந்து என் சேலையில் கொட்டியது. வீடுவரை புளித்த வாசனையோடு வந்து சேர்ந்தேன்.

திங்கட்கிழமை விடியற்காலையிலேயே நான் தயார். சோற்றுப் பார்சல்கள் கட்டியாயிற்று. பொரித்த சூரை, பருப்பு, தேங்காய்ச் சம்பல். சம்பலில் எலுமிச்சை விடுவதா வேண்டாமா என்று டவுன் பெண்களும் முகாம் பெண்களும் வாக்குவாதம் செய்துகொண்டே பஸ் ஏறினார்கள். அதைக் கேட்டு பாஸ்டருக்குச் சந்தோஷம். ஒருவரோடொருவர் வாய் திறந்துவிட்டார்களே. நிலாவெளி தாண்டியதும் ஹோட்டல்கள் முடிந்தன. கரைவலை இழுப்பவர்கள் வரிசையாகப் பின்னோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். இறக்கக்கண்டியில் எல்லோரும் இறங்கினோம்.

பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு தேநீர்க் கடை. உள்ளே போனேன். பால் இல்லை. இஞ்சி தட்டிய வெறும் தேநீர், சீனியை உள்ளங்கையில் போட்டுத் தந்தார்கள். ஒரு வாய் தேநீர், நாக்கு நுனியில் கொஞ்சம் சீனி. எங்கள் ஊரில் இப்படிக் கொடுத்தால் கடைக்காரரோடு சண்டைக்குப் போவோம். எனக்குப் பிடித்துப்போய் இன்னொன்று வாங்கிக் குடித்தேன். எங்கள் கூட்டத்துப் பெண்களில் ஒருவர்கூட எதுவும் குடிக்கவில்லை. உபவாசம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

“எங்க புள்ள போறீங்க, இவ்வளவு பேரும்?” என்றார் கடைக்காரர், எல்லோரும் நானா என்று கூப்பிட்ட ஒரு முஸ்லிம் பெரியவர்.

“சும்மா, குளம் வரைக்கும் நடந்துட்டு வரலாம்னு.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இந்த ரோட்டால நாங்க நடந்ததெல்லாம் உசிரக் கையில புடிச்சுக்கொண்டு. சும்மா நடக்கிற ஆக்கள இண்டைக்குத்தான் காணுறன்.”

வெளியே யோகேஸ் அக்கா எல்லோரையும் நிறுத்தி, விரலை நீட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் கிளாஸைக் காலிசெய்துவிட்டு வெளியே வந்தபோது அவர் சொல்லி முடித்திருந்தார். வரிசை நகரத் தொடங்கிவிட்டது.

பாலத்துக்கு அப்பால் சோதனைச் சாவடி. பாஸ்டர் தன் ஆங்கிலத்தில் விளக்கினார். சிப்பாய்க்கு ஆங்கிலம் வராது, தமிழில் நாலு வார்த்தை தெரியும். “சேர்ச்” என்றார் பாஸ்டர். “வோக்கிங்” என்றார். இரண்டு விரல்களை நடப்பதுபோல் அசைத்துக் காட்டினார். சிப்பாய்க்குச் சந்தேகம் கூடியது. பார்சல்கள் எல்லாவற்றையும் பிரிக்கச் சொன்னான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் முன்னும் பின்னும் போய் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். யோகேஸ் அக்கா வரிசையின் கடைசியில், சேலைத் தலைப்பைத் தலைக்கு இழுத்துவிட்டு, தரையைப் பார்த்தபடி நின்றார். அடையாள அட்டையை நீட்டினார், வாங்கிக்கொண்டார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசியில் மேலிடத்திலிருந்து யாரோ வயர்லெஸ்ஸில் சரி சொல்ல, விட்டார்கள்.

தார் வீதியை விட்டு மாட்டுவண்டித் தடத்தில் இறங்கினோம். இரண்டு பக்கமும் வயலாக இருந்திருக்க வேண்டும், இப்போது நாயுருவியும் எருக்கும் பற்றையுமாகக் கிடந்தது. எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடந்தார்கள். எனக்கு அந்த வேகம் போதவில்லை. பள்ளியில் பிள்ளைகளை நடத்திக்கொண்டு போகும்போதும் நான்தான் முன்னால் போவேன். கூரையில்லாத வீடுகள் வந்தன. ஒரு வீட்டின் நடுவில் வேப்பமரம் வளர்ந்து, இருந்திருக்க வேண்டிய கூரைக்கு மேலே போயிருந்தது. பின்னால் வந்த ஒரு முகாம்காரர், “இது தபால்காரர் வீடு, அது எங்கட சித்தப்பா வீடு” என்று ஒரு டவுன்காரருக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்.

குடித்த தேநீர் வேலையைக் காட்டியது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. முன்னால் போய்விட்டால் கூட்டம் வருவதற்குள் ஒதுங்கிவிட்டு வந்துவிடலாம் என்று வேகமாக நடந்தேன். தடத்தின் வலப்பக்கம் விழுந்து கிடந்த வேலி, காய்ந்த புல் படர்ந்த முற்றம், அதற்கு அப்பால் இடுப்பளவு நின்ற ஒரு சுவர். அந்தச் சுவருக்குப் பின்னால் என்று முடிவுசெய்து வேலியைத் தாண்டினேன். முற்றத்தில் பாதிதூரம் போயிருப்பேன்.

“தங்கச்சி, நில்லுங்கோ.”

சத்தமாக இல்லை. ஆனால் அந்தக் குரலில் என்னவோ இருந்தது, நான் நின்றுவிட்டேன். யோகேஸ் அக்கா தடத்தில் நின்று இரண்டு கையையும் நீட்டியிருந்தார்.

“காலை எடுக்க வேணாம். எங்க இருக்கோ அங்கயே நில்லுங்கோ. உடம்பத் திருப்ப வேணாம்.”

“என்னக்கா?”

“மாடு போன தடத்தத் தவிர ஒரு இடத்திலயும் கால் வைக்க வேணாம் எண்டு பாலத்தடியில சொன்னனான். கேக்கேல்லையா? இஞ்ச மிதிவெடி இருக்கு.”

எங்கள் ஊரில் கண்ணிவெடி என்போம், செய்தித்தாளில் படிக்கும் சொல். மிதிவெடி என்று கேட்டதும் என் இரண்டு பாதங்களும் தனித்தனியாக எனக்குத் தெரிந்தன. குனிந்து பார்த்தேன். புல், சருகு, கொஞ்சம் மணல். வந்த வழியில் என் கால்தடம் எதுவும் தெரியவில்லை.

பாஸ்டர் ஓடிவந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வேலியைத் தாண்டப் போனார். யோகேஸ் அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். “அங்க ஒரு ஆள் நிக்கிறதே போதும், பாஸ்டர்.” பாஸ்டர் அங்கேயே முழங்காலிட்டு உரக்க ஜெபிக்கத் தொடங்கினார். அவருடைய ஜெபத்தில் என் பெயர் வந்தபோதெல்லாம் மறுபடி என் பாதங்களைக் குனிந்து பார்த்தேன்.

“ஆமிக்காரரத்தான் கூப்பிட வேணும். அவங்களிட்டத்தான் வெடி எடுக்கிற ஆக்கள் இருக்கு” என்றார் ஒருவர்.

“எப்பிடிச் சொல்லி விளங்கப்படுத்துறது? காலமை பட்ட பாட்டப் பார்த்தனீங்கதானே” என்றார் பாஸ்டர். “நான் கைய ஆட்டிக் கூப்பிட, அவங்கள் வேற என்னவும் நினைச்சாங்கள் எண்டா?”

யோகேஸ் அக்கா கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குடையை விரித்துக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தார். “அக்கா, நீங்க போய் என்ன கதைக்கப் போறீங்க?” என்று பாஸ்டர் கேட்டதற்கு அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் நின்றேன். வாழ்க்கையில் அதுவரை அப்படி நின்றதில்லை. பிரசங்கத்திலும் காலை ஆட்டிக்கொண்டே இருப்பவள் நான். கெண்டைக்கால் துடித்தது. கழுத்தில் ஓர் எறும்பு ஏறியது, கையைத் தூக்கப் பயமாக இருந்தது. ஜெபராஜ் இந்நேரம் ஏதோ ஒரு கிரேனின் உச்சியில் இருப்பார், நான் சம்பல் சாப்பிட்டுக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். அவர்மேல் காரணமில்லாமல் கோபம் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, எதற்காக வேலியைத் தாண்டினேனோ அது அப்படியே இருந்தது.

ரூபி அக்காவுக்குத்தான் அது புரிந்தது. “தங்கச்சி, சலம் போகத்தானே போனீங்க?” என்று கேட்டார். தலையை ஆட்டினேன்.

“அதுக்குத்தான் நாங்க இப்பிடியான இடத்துக்கு வாற நாள்ல காலமையில இருந்து ஒண்டும் குடிக்கிறேல்ல” என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, “ஆம்பிளையள் எல்லாரும் தடத்தால அந்த வளைவுக்கு அங்கால போங்கோ. பாஸ்டர், நீங்களும்தான். பொம்பிளையள் மற்றப் பக்கம் திரும்புங்கோ” என்றார். டவுன் பெண்களும் முகாம் பெண்களும் தோளோடு தோள் சேர்ந்து எனக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். குடைகளையும் பின்பக்கமாக விரித்துப் பிடித்துக்கொண்டார்கள்.

“நாங்க பாடுறம். நீங்க உங்கட அலுவலப் பாருங்கோ. காலை மட்டும் அசைக்க வேணாம்.”

பாடினார்கள். தகரக் கூரையின்கீழ் ஒருநாளும் அவ்வளவு பலமாகப் பாடிக் கேட்டதில்லை. நல்லவேளையாகச் சேலை கட்டியிருந்தேன். நான் முடித்துவிட்டேன் என்று சொல்ல வெட்கப்பட்டுச் சும்மா நின்றதால் பாட்டு நெடுநேரம் போயிற்று. கடைசியில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. உடனே அழுகையும் வந்தது.

யோகேஸ் அக்கா திரும்பியபோது கூட இரண்டு சிப்பாய்கள் வந்தார்கள். ஒருவன் துப்பாக்கியோடு தடத்திலேயே நின்றான். மற்றவன் ஒல்லி, வயது இருபத்தைந்துகூட இருக்காது. கையில் நீண்ட கம்பி. யோகேஸ் அக்கா அவனோடு சிங்களத்தில் கதைத்துக்கொண்டு வந்தார். தட்டுத்தடுமாறி அல்ல, கடையில் சாமான் விற்பவர் வாடிக்கையாளரிடம் கதைப்பதுபோல. பாஸ்டரும் ரூபி அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

அந்தப் பையன் வேலியடியில் குப்புறப் படுத்தான். கம்பியைச் சாய்வாக மண்ணில் குத்தினான், எடுத்தான், கொஞ்சம் தள்ளிக் குத்தினான். அப்படியே ஒவ்வொரு சாணாக ஊர்ந்து வந்தான். அவன் சொல்வதை யோகேஸ் அக்கா தடத்தில் நின்று எனக்குச் சொன்னார்.

“கால் நோகுதெண்டா பாரத்த மற்றக் காலுக்கு மாத்தலாமாம். தூக்க வேணாமாம்.”

“சரிக்கா.”

“கதைச்சுக்கொண்டே இருக்கச் சொல்லுறார். கதைச்சா மயக்கம் வராதாம். என்ன வேலை செய்தனீங்க எண்டு கேக்கிறார்.”

“பி.டி. டீச்சர்.”

அதைச் சிங்களத்தில் கேட்டதும் அவன் கம்பியை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். ஏதோ சொன்னான்.

“பி.ரி. ரீச்சர் எண்டா அசையாம நிக்கத் தெரியும்தானேயாம்.”

“பிள்ளைங்களை நிக்கவைக்கத்தான் தெரியும்னு சொல்லுங்க.”

அவன் சிரித்தது கேட்டது. என் காலடியை அடைய நெடுநேரம் ஆயிற்று. அவன் கழுத்தில் வியர்வை ஓடியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் பாதங்களைச் சுற்றிலும் குத்திப் பார்த்தபின் எழுந்து, தன் முழங்கைகள் பதிந்த இடங்களைக் காட்டினான். அவன் முன்னால் போக, அவன் பூட்ஸ் பட்ட இடத்தில் மட்டும் காலை வைத்து வெளியே வந்தேன். தடத்தை அடைந்ததும் ரூபி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அங்க உண்மையாவே வெடி இருக்கா?” என்று பாஸ்டர் கேட்டார். யோகேஸ் அக்கா கேட்டுச் சொன்னார்: “இருக்கலாமாம், இல்லாமலும் இருக்கலாமாம். இதுக்கு முதல் இருந்த ஆக்கள் புதைச்சது. எங்கெங்க புதைச்சது எண்டு காட்டுற படம் இவங்களிட்ட இல்லையாம்.” பையன் வேலிக் கம்பத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுப் போனான்.

திரும்பிவிடலாம் என்றார்கள் சிலர். யோகேஸ் அக்கா, “குளம் கிட்டத்தான் இருக்கு. வந்தனாங்க, பார்த்திட்டுப் போவம்” என்று முன்னால் நடந்தார். இப்போது நான் அவருக்குப் பின்னால், அவர் குதிகாலையே பார்த்தபடி நடந்தேன்.

குளத்தில் தண்ணீர் குறைவு, தாமரை அதிகம். ஆராதனை சுருக்கமாக முடிந்தது. சாப்பிட உட்கார்ந்தபோது யார் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். நான் யோகேஸ் அக்காவின் பக்கத்தில். அவர் நிதானமாக மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

“சிங்களம் எங்க படிச்சனீங்க, அக்கா?” என்று ரூபி அக்கா கேட்டார்.

“கந்தளாயில நானும் என்ட மனுசனும் பேக்கரி வச்சிருந்தனாங்க. நான்தான் முன்னுக்கு நிண்டு பாண் விக்கிறது. வாற சனம் முழுக்கச் சிங்களச் சனம்.” ஒரு வாய் சாப்பிட்டார். “பிறகு ஒரு நாள் ரோட்டில வச்சு அவரைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள். ஒவ்வொரு ஆமிக் காம்பா ஏறி இறங்கினன். எனக்குப் பாசை தெரியும்தானே, கேட்டா விடுவாங்கள் எண்டு நினைச்சன். அழுது கேட்டன், காலில விழுந்து கேட்டன். கடைசியில ஒரு பெரிய ஆமிக்காரன் சொன்னான், நீ வடிவாச் சிங்களம் கதைக்கிறாய், அதால சொல்லுறன், வீட்ட போ எண்டு. அதோட அந்தப் பாசையை விட்டிட்டன். அதில கேக்கிறதுக்கு எனக்கு ஒண்டும் இருக்கேல்ல.”

“இன்னைக்கு எனக்காகக் கேட்டீங்களே அக்கா” என்றேன்.

“ஓம். அவரைக் கேட்டன், தரேல்ல. இண்டைக்கு உங்களக் கேட்டன், தந்திட்டாங்கள்.”

சாதாரணமாகத்தான் சொன்னார். எதற்கும் ஜெபிக்கிற பாஸ்டர் அப்போது ஜெபிக்கவில்லை.

திரும்பும்போது சாவடியில் அதே ஒல்லிப் பையன் நின்றான். குளித்துச் சட்டை மாற்றியிருந்தான். பைகளைத் திறக்கச் சொல்லவில்லை. யோகேஸ் அக்கா தாண்டும்போது மெதுவாக ஏதோ கேட்டான். அவர் நின்றார். வரிசை முழுவதும் நின்றது. அவர் அவனுக்குப் பதில் சொன்னார். அதில் எனக்கு விளங்கியது ஒரு பெயர் மட்டும்தான்.

“நவரத்ன” என்றான் அவன்.

“நவரத்தினம்” என்றார் யோகேஸ் அக்கா.

அவன் மறுபடி முயன்றான். “நவரத்தினம்.”

தலையசைத்துவிட்டு அவர் பாலத்தில் ஏறினார். கீழே களப்பில் ஒருவர் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனார். பாலத்தின் நடுவில் யோகேஸ் அக்காவை எட்டிப் பிடித்து, அவன் என்ன கேட்டான் என்று கேட்டேன்.

“உங்களிட்ட கூட்டிக்கொண்டு வரேக்க என்ட மனுசனப் பற்றிச் சொன்னனான். அவற்ற பேரென்ன எண்டு கேட்டான்.”

“தேடிப் பார்க்கிறேன்னு சொன்னானா?”

“இல்ல. சின்னப் பெடியன், அவனால என்ன செய்ய ஏலும்.” குடையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். “நான் ஏறின காம்ப் ஒண்டிலயும் பேரக் கேட்டவங்க இல்ல, தங்கச்சி.”